கமலவேணி டீச்சரின் லைசென்ஸ்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் சபாபதி போன் செய்தார். மார்ச் கடைசியில் கார் பாலிசி முடிகிறதாம். "டீச்சருங்க, இந்த வருசமும் உங்களுக்கு நோ கிளைம் போனஸ் முழுசா வருதுங்க. என்ற கஸ்டமர்ல உங்களாட்ட ஆருமே இல்லீங்க" என்றார். எல்லோரிடமும் இதைத்தான் சொல்வான் என்று இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து முனகினார்.

ரிட்டயரான பிறகும் நான் டைரி எழுதுவதை விடவில்லை. பின்னால் யாராவது எடுத்துப் படித்தால் புரிய வேண்டுமே என்று எல்லாவற்றையும் விளக்கி எழுதுவேன். வாத்தியார் புத்தி. ஆகவே: இவர் என்றால் என் வீட்டுக்காரர் குழந்தைசாமி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர், ஸ்டியரிங்கை இதுவரை தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. நான் அரசு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக, அதாவது விளையாட்டு டீச்சராக, இருந்தவள். இந்த ஊரில் முதன்முதலில் கார் ஓட்டிய பெண்பிள்ளை நான்தான். நோ கிளைம் போனஸ் என்பது, வண்டியை எங்கும் இடிக்காமல், கம்பெனியிடம் எதுவும் கேட்காமல் ஓட்டுகிறவர்களுக்குப் பிரீமியத்தில் கழித்துக் கொடுப்பது. மற்றவர்களுக்கு அது தள்ளுபடி. எனக்கு மெடல்.

போனை வைக்கும்போது சபாபதி இன்னொன்று சொன்னார். "ஏப்ரல்ல உங்க லைசென்ஸும் முடியுதுங்களே. அதைப் புதுப்பிக்காம உட்டுறாதீங்க. லைசென்ஸ் இல்லாம ஓட்டி ஒண்ணு ஆச்சுன்னா, பாலிசி இருந்தும் கம்பெனி கையை விரிச்சிரும்."

ஏப்ரலில் எனக்கு எழுபது. புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இவர் டம்ளரைக் கண்ட இடத்தில் வைக்கிறார். இன்றைக்கும் காபி கொட்டி மேசை விரிப்பு பாழ்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பழனிக்குப் போய்வந்தோம். போகவர நானே ஓட்டினேன். அசதி என்பது துளியும் இல்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள் எல்லாம் கீழ்ப் படிக்கட்டிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

இவரை வண்டியில் ஏற்றினால்தான் தலைவலி. முன்னெல்லாம் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். இப்போது வழி நெடுக வாய் ஓய்வதில்லை. "வேணி, இந்தப் பக்கம் பாத்தியா, இளநிக்கடை புதுசா போட்டிருக்கறான். பக்கத்துலயே ஒரு டி.வி.எஸ். நிக்குது." "ஆடு மேயுது பாரு, அதுல ரெண்டு, ரோட்டு மேலயே வந்துருச்சு." "பஸ்ஸு ஸ்டாப்புல நிக்குது, கிளம்பப் போறான்."

"ஏனுங்க, நான் ரோட்டைப் பாக்கறதா, உங்க ஆட்டைப் பாக்கறதா? சித்த வாயை மூடிட்டு வர்றீங்களா?" என்றேன். ஒரு கிலோமீட்டர் சும்மா வந்தார். அப்புறம் மறுபடியும் "அந்தக் கரும்பு லாரியப் பாரு, எத்தனை லோடு" என்று ஆரம்பித்துவிட்டார். வயதானால் ஆண்களுக்குப் பேச்சு கூடிவிடுகிறது.

பிப்ரவரி 10, திங்கள்

கேட்டில் உரசிவிட்டது. நம்முடைய கேட்டைக் கட்டிய கொத்தனார் அகலத்தைக் குறைத்து வைத்துவிட்டான் என்று நான் ரொம்ப நாளாகச் சொல்கிறேன். இடதுபக்கத் தூணில் சுண்ணாம்பு பெயர்ந்திருக்கிறது, கதவில் ஒரு கோடு. போன ஆடியில் விழுந்த கோட்டுக்குப் பக்கத்திலேயே. அந்தப் பக்கத்துக் கண்ணாடியையும் சந்தைப்பேட்டையில் எவனோ சைக்கிள்காரன் இரண்டு தடவை உடைத்துவிட்டுப் போயிருக்கிறான். பட்டறையில் கொடுத்துச் சரிசெய்தாயிற்று. இதற்கெல்லாம் கிளைம் போட்டு மெடலைக் கெடுத்துக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா?

பிப்ரவரி 14, வெள்ளி

பெங்களூரிலிருந்து தினகரன் போன் செய்தான். வழக்கமான பாட்டு. "அம்மா, போதும்மா. அந்தத் தோட்டத்து வீட்டுல ரெண்டு பேரும் தனியா எதுக்கு? வண்டியை வித்துட்டு இங்க வந்துருங்க."

"எனக்கென்னடா கேடு? மளிகைக்கு நான் போறேன், அப்பாவை ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன், கல்யாணம் காட்சின்னா நான்தான் வண்டி எடுக்கறேன்" என்றேன்.

"சரி, ஒண்ணு பண்ணலாம். லைசென்ஸ் ரினியூ ஆச்சுன்னா நான் வாயே திறக்கலை. ஆகலைன்னா மூட்டை முடிச்சைக் கட்டிட்டு இங்க வந்தரணும். டீலா?"

சரி என்றேன். என்னிடம் பந்தயம் கட்டுகிறான். அவன் அம்மா மாவட்ட அளவில் நானூறு மீட்டர் ஓடியவள் என்பதை மறந்துவிட்டான். இவர்தான் போனை வைத்ததும், "எதுக்கு ஒத்துக்கிட்டே?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார்.

அவனுடைய ஃப்ளாட் எட்டாவது மாடியில் இருக்கிறது. போன தடவை அங்கே போய் இருந்தபோது பால்கனியில் உட்கார்ந்து கீழே போகிற வண்டிகளைப் பார்ப்பதே வேலையாக இருந்தது.

பிப்ரவரி 19, புதன்

இவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மருந்து வாங்க நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அமைதியான டிரைவிங். வரும்போது நம் வீதிக்குள் இடதுபக்கம் திரும்பினேன், இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினேன், டமார் என்று ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தால் பூங்கொடி. என்னிடம் படித்தவள்தான், இப்போது பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறாள். மொபெட் சாய்ந்து கிடந்தது. கேன் உருண்டு ரோடெல்லாம் பால். அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, திரும்பற வண்டிக்கு உள்ள வந்து விழுவாங்களா?" என்று சத்தம் போட்டேன்.

"டீச்சர், உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா? நான் பள்ளிக்கூடத்து முக்குல இருந்தே உங்க கூடவேதானுங் வந்துட்டிருக்கறேன். ஆரன் அடிச்சுட்டேதானுங் வந்தேன்" என்றாள்.

கூட்டம் கூடிவிட்டது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் என்பதால் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்தது. அவளை என் வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எலும்பு முறிவு இல்லை, கணுக்கால் பிசகியிருக்கிறது, கட்டுப் போட்டு நடக்கக் கூடாது என்றார்கள்.

அவள்தான் வேகமாக வந்திருக்க வேண்டும். பால் வண்டிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான்.

பிப்ரவரி 20, வியாழன்

பூங்கொடி வீட்டுக்குப் போய் ஆரஞ்சும் ரொட்டியும் கொடுத்துவிட்டு வந்தேன். மொபெட்டைப் பட்டறையில் நானே விட்டேன். சபாபதி, "கிளைம் போடலாமுங்க, லைசென்ஸுக்கு இன்னும் நாளிருக்குது, ஒரு பிரச்சனையும் வராது" என்றார். வேண்டாம் என்றேன்.

இவர் காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "நான் இல்லாம ஏன் போனே? என்னைய எழுப்பியிருக்கலாமல்ல?" என்று ஒரே புலம்பல். ஓட்டத் தெரியாத மனுஷன் கூட வந்து என்ன செய்திருப்பாராம்?

பிப்ரவரி 21, வெள்ளி

'கண்ணு தெரியலீங்களா' என்று அவள் கேட்டது காதிலேயே நிற்கிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

லைசென்ஸ் புரோக்கர் ஜெயபாலை இவர் வரச் சொல்லியிருக்கிறார், என்னைக் கேட்காமல். லைசென்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் சர்டிஃபிகேட் வேண்டும். அதற்கு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். "நீங்க வரவே வேண்டாங்க டீச்சர். போட்டோ மட்டும் குடுங்க. நம்ம டாக்டரு ஒருத்தரு இருக்கறாரு, கையெழுத்து நான் வாங்கிக்கறேன்" என்றான் ஜெயபால்.

இதுவரை அப்படித்தான் நடந்தது என்பதை மறைப்பானேன். ஒவ்வொரு தடவையும் போட்டோவைக் கொடுப்பேன், என்னைப் பார்க்காமலே யாரோ ஒரு டாக்டர் என் கண், காது, கை, கால் எல்லாம் சுகம் என்று எழுதிக் கொடுப்பார். எல்லோரும் செய்வதுதான். ஆனால் இந்தத் தடவை அது எனக்கு ஆகாது. பூங்கொடி நடுரோட்டில் வைத்து என் கண்ணைப் பற்றிக் கேட்டுவிட்டாள். கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரிக்கே போய், மெஷினில் காட்டி, முத்திரையோடு சர்டிஃபிகேட் வாங்கி வருகிறேன். அதை முதலில் பூங்கொடியிடம் காட்டுவேன், அப்புறம் போட்டோ எடுத்துப் பெங்களூருக்கு அனுப்புவேன்.

"பாக்காம போடற கையெழுத்து எனக்கு வேண்டாம், போய்ட்டு வாப்பா" என்று ஜெயபாலை அனுப்பிவிட்டேன். இவர் முகம் சுண்டிப் போய்விட்டது. "அத்தனை தூரம் எதுக்கு வேணி? காரியம் ஆகறதுதான முக்கியம்?" என்றார். நேர்வழியில் போகிறவளுக்குச் சொந்த வீட்டிலேயே ஆதரவு இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

கோயமுத்தூர் வரை நானே ஓட்டினேன். இவர் வழக்கம்போல வழி நெடுக ஆடு, மாடு, பஸ், பெட்டிக்கடை எல்லாவற்றுக்கும் வர்ணனை.

ஆஸ்பத்திரியில் முதலில் எழுத்துப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் கடகடவென்று படித்தேன். பிறகு ஒரு மெஷின். கிண்ணம் மாதிரி இருக்கிறது, அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு நேரே ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது சின்ன வெளிச்சம் வந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண்ணுக்கு டக்டக்கென்று அழுத்தினேன். ஸ்டார்ட்டிங் விசில் கேட்டுப் பழகிய உடம்பு, விட்டுவிடுமா?

இடது கண்ணுக்கு வைத்தபோது மெஷின் அடிக்கடி நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மெஷின் கெட்டுப்போச்சா? வெளிச்சமே வரக்காணோம்" என்றேன்.

"ஓடிட்டுத்தாங்கம்மா இருக்குது" என்றாள் அந்தப் பெண்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகச் சொன்னாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது. வலி இருக்காது, நேரே பார்த்தால் எழுத்துத் தெரியும், ஓரப் பார்வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது. போனது திரும்பி வராது. வலது கண்ணைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிவிடலாம்.

"லைசென்ஸுக்கு சர்டிஃபிகேட் வேணும்னு வந்தேன்" என்றேன்.

"இந்தக் கண்ணோட வண்டி ஓட்டலாம்னு நான் எழுத முடியாதுங்கம்மா. மன்னிச்சுக்குங்க" என்றாள். மன்னிப்பு எதற்கு, பத்து மார்க் எடுத்தவளுக்குப் பத்து மார்க்தான் போட முடியும். அவளிடம் அப்படியே சொன்னேன்.

மருந்து விட்டுக் கண்ணைப் பார்த்திருந்ததால் திரும்பும்போது ஓட்ட முடியாது. நாள் கூலிக்கு வண்டி ஓட்டித் தருகிற ஒரு ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டார்கள், கண்ணப்பன் என்று பெயர். என் வண்டியின் பின்சீட்டில் நான் முதன்முதலாக உட்கார்ந்தேன். இவர் முன்னால், வழக்கமான இடத்தில்.

கிணத்துக்கடவு தாண்டியதும் இவர் ஆரம்பித்தார். "இந்தப் பக்கம் பஸ்ஸு நிக்குது பாருங்க." கண்ணப்பன் தலையாட்டினான். "ஒரு சைக்கிள் வருது, லெஃப்ட்ல." அவன் கியரை மாற்றினான். "மாடு, மாடு, ரோட்டோரத்துல." அவன் சிரித்துக்கொண்டே, "எனக்கு அந்தப் பக்கம் நல்லாவே தெரியுதுங்கய்யா. நீங்க சும்மா வாங்க" என்றான்.

இவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. வீடு வரும் வரைக்கும் நான் இடதுபக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 5, புதன்

எழுத ஒன்றுமில்லை. சமைக்கவும் இல்லை. இவரே ரசம் வைத்துக் குடித்தார்.

மார்ச் 6, வியாழன்

மத்தியானம் கேட்டேன். "எத்தனை நாளாத் தெரியும்?"

"போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி" என்றார். துணி எடுத்துவிட்டு வரும்போது, இடதுபக்கம் நின்ற பூக்காரி மேல் உரசுகிற மாதிரி போய்விட்டேனாம். இவர் கத்தினதில் திருப்பினேனாம். அதற்காக அன்றைக்கு அவரைத்தான் திட்டினேன், எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

"அப்பவே சொல்லியிருக்கலாமல்லங்க? மனுசியா நான்? பூங்கொடி காலு போயிருந்தா?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "சொன்னா நீ நிறுத்திருவே. நிறுத்திட்டு உக்காந்திருப்பே. அந்த பால்கனியில உக்காந்திருந்தியே, அப்படி. அதைப் பாக்க என்னால முடியாது வேணி. நான் கூட இருந்தா சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன். அன்னிக்குன்னு பாத்து காய்ச்சல் வந்து படுத்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. ரொம்பக் கோபம் வந்தது. என் வண்டியில் எனக்குத் தெரியாமல் இன்னொரு டிரைவர் இருந்திருக்கிறார். நான் பெருமையாகச் சொல்லிக்கொண்ட மெடலில் பாதி இவருடையது. வாய் ஓயாத கிழவர் என்று இதே டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். கோபம் தீர்ந்த பிறகு அழுதேன். இவரும் அழுதார். பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மார்ச் 12, புதன்

ஜெயபால் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை இவர் கூப்பிடவில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

அந்த எட்டாவது மாடிக்கு நான் போக மாட்டேன். இவர் கூடவே வருவார், பகலில் மட்டும் ஓட்டலாம், டவுனுக்குள் மட்டும் ஓட்டலாம் என்று இரண்டு நாளாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊரில் எத்தனை பேர் இப்படி ஓட்டுகிறார்கள். என் வலது கண் நன்றாகத்தான் இருக்கிறது. அதை டாக்டரே சொன்னாள்.

போட்டோவைக் கொடுத்தேன். "ரெண்டு நாள்ல டாக்டரு கையெழுத்து வந்துருமுங்க" என்று வாங்கிக்கொண்டு போனான்.

மார்ச் 13, வியாழன்

சொட்டு மருந்து காலை, மாலை. இன்று வெய்யில் அதிகம்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் நடைப்பயிற்சி போனபோது பால் சொசைட்டி வாசலில் பூங்கொடியைப் பார்த்தேன். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். ஏறி ஓட்ட இன்னும் கால் வரவில்லை, தள்ளிக்கொண்டே வந்து பால் ஊற்றுகிறாள்.

"டீச்சர், கண்ணு காட்டப் போனீங்கன்னு ஐயா சொன்னாருங்க. என்னங் சொன்னாங்க?"

"நல்லா இருக்குதாம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் உடனே, "அப்படின்னா என்ற பேருலதான் தப்புங்க டீச்சர். நான்தான் பாக்காம உள்ள உட்டிருப்பேன். உங்களைப் போயி அத்தனை பேரு முன்னால கண்ணு தெரியலையான்னு கேட்டுட்டேன். ராத்திரியெல்லாம் அதே நெனப்புங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடிபட்டவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், நான் அதை வாங்கிக்கொண்டு நின்றேன். ஜெயபால் வாங்கி வரப்போகிற காகிதம் எதைச் சொல்லும் என்று அங்கேயே நின்று யோசித்தேன். பூங்கொடிதான் தப்பு என்று சொல்லும். இன்னொருத்தியை இடித்தாலும் அதையேதான் சொல்லும். பாலிசியும் செல்லும், லைசென்ஸும் செல்லும், தப்பெல்லாம் ரோட்டில் விழுந்தவள் பேரில் போய்ச் சேரும்.

"இல்லைம்மா, பொய் சொல்லிட்டேன். எனக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியலை. நீ கேட்டதுதான் சரி. தப்பு என்னுது" என்றேன். சொசைட்டியில் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். கிரவுண்டில் பேசிப் பழகிய குரல், மெல்லச் சொல்ல வராது.

அங்கிருந்து நேராக ஜெயபால் வீட்டுக்கு நடந்தேன். அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். "போட்டோவைக் குடு" என்றேன். "கையெழுத்தே வாங்கியாச்சுங்களே டீச்சர்!" என்றான். அந்த சர்டிஃபிகேட்டையும் வாங்கி அவன் வாசலிலேயே நாலாகக் கிழித்தேன். கண், காது, கை, கால் எல்லாம் நல்ல நிலையில் இருப்பதாக அதில் எழுதியிருந்தது.

திரும்பி நடக்கும்போது நானூறு மீட்டரில் முதலில் வந்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

மார்ச் 17, திங்கள்

சபாபதி வீட்டுக்கு வந்தார். பாலிசியைப் புதுப்பித்தேன். "ஓட்டப் போறதில்லீன்னு சொல்றீங்க, அப்பறம் எதுக்குங்க டீச்சர்?" என்றார்.

"நான் ஓட்டலைன்னா வண்டி ஓடாதா? லைசென்ஸ் உள்ளவங்க யாரு ஓட்டினாலும் பாலிசி செல்லுமா, செல்லாதா?"

"செல்லுமுங்க."

"அப்பப் போடுங்க."

பூங்கொடியின் கால் சிகிச்சைக்கும், அன்று கொட்டிய பாலுக்கும், மொபெட்டுக்கும் கிளைம் போடச் சொல்லிவிட்டேன். நடந்தது நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். லேட்டாகச் சொல்வதற்கு என்ன சொல்வார்களோ சொல்லட்டும், பதில் சொல்லிக்கொள்கிறேன். "போனஸ் போயிருமுங்களே!" என்று சபாபதிக்கு என்னைவிட வருத்தம். போகட்டும் என்றேன்.

கண்ணப்பனின் நம்பரை இவர் வாங்கி வைத்திருந்தார். தூரம் போவதென்றால் அவன் வருவான். பக்கத்தில் போவதற்குப் பஸ் இருக்கிறது. ஸ்டாப் கொஞ்சம் தூரம்தான், எனக்கு அது வார்ம்-அப்.

மார்ச் 24, திங்கள்

பஸ்ஸில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனோம். இவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஏப்ரல் வந்தால் தானாக முடியப் போகிற லைசென்ஸ், அதற்கு ஏன் இத்தனை தூரம் என்றார். எனக்குச் சரிப்படவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன்.

கவுன்ட்டரில் இருந்தவருக்கு நான் சொன்னது விளங்கவே இல்லை. "ரினியூவலுங்களா? அட்ரஸ் மாத்தணுமுங்களா? தொலைஞ்சு போச்சுங்களா?"

"தொலையலீங்க. திருப்பிக் குடுக்க வந்திருக்கறேன்."

"திருப்பிக் குடுக்கறதுக்கு ஆரும் வந்ததில்லீங்களே" என்று எழுந்து உள்ளே போனார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் என்னை இன்ஸ்பெக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். என் மகன் வயதுதான் இருக்கும். உட்காரச் சொல்லி விவரம் கேட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன்.

படித்துவிட்டு, "இதுக்காக நீங்க அலையவே வேண்டியதில்லீங்கம்மா. உட்டுட்டீங்கன்னா அடுத்த மாசம் அதுவே காலாவதி ஆயிரும்" என்றார்.

"அதுவே ஆகறதுக்கு எனக்கு அது தானா வந்ததில்லீங்க" என்றேன். "பொம்பளைக்கு எதுக்கு கார் லைசென்ஸுன்னு உங்க ஆபீஸுல அன்னிக்கு இருந்தவரு மூணு தடவை திருப்பி அனுப்பினாரு. நாலாவது தடவை வாய்க்கால் பாலத்து மேல ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாரு, ரெண்டு பக்கமும் சுவர் கிடையாது. எடுத்துக் காட்டினேன். அப்படி வாங்கினதுங்க இது. வாங்கினவளே கையில குடுத்துட்டுப் போறேன். நல்லா ஓட்டினேன், இனி ஓட்டறது சரியில்லைன்னு தெரிஞ்சுது, குடுத்துட்டேன். அப்படித்தான் உங்க ஆபீஸு ரெக்கார்டுல இருக்கணும்."

அவர் எழுந்து நின்றார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பெற்றுக்கொண்டதாக ஒரு காகிதத்தில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். எங்கள் இருவருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார். டீ நன்றாகவே இல்லை, ஆனாலும் குடித்தோம்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது தினகரன் போன் செய்தான். இவர்தான் காலையில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். குரலே ஒரு மாதிரி இருந்தது. "அம்மா, நீங்களா போய்க் குடுத்தீங்களா?" என்றான்.

"ஆமா."

"என்னால முடிஞ்சிருக்காதும்மா" என்றான். அடுத்த நொடியே, "சரி, எப்ப வர்றீங்க? சனிக்கிழமை நானே வந்து கூட்டிட்டு வரட்டுமா?" என்றான்.

"எங்கடா?"

"டீல் மறந்துட்டீங்களாம்மா? லைசென்ஸ் இல்லைன்னா இங்க வந்துடறதுன்னு ஒத்துக்கிட்டீங்கல்ல?"

இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டவுன் பஸ் தூரத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் கையை நீட்டி நிறுத்தினேன்.

"லைசென்ஸைத்தான்டா திருப்பிக் குடுத்தேன்" என்றேன். "வீட்டையில்ல."